அருவியில் விழாத தண்ணீர் எங்கே போகிறது? ட்வின் ஃபால்ஸ் போகிறவர்களுக்கு

ஜூலை கடைசியில் சால்ட் லேக் சிட்டியிலிருந்து பாய்சிக்குக் காரில் போகிறீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் எட்டு வயது மகளும் உடன் வருகிறார்கள். வழியில் ஐடஹோ மாநிலத்தின் ட்வின் ஃபால்ஸில் இரண்டு நாள் தங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாலத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும், அதற்குமேல் அங்கே ஒன்றுமில்லை என்று நண்பர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகத் தங்குங்கள். ஆனால் "நயாகராவைவிட உயரமான அருவி" என்று சொல்லி அப்பா அம்மாவுக்கு ஆசை காட்டி அழைத்துப் போகாதீர்கள். நீங்கள் போகும் நேரத்தில் அந்த அருவியில் தண்ணீரைவிடப் பாறைதான் அதிகம் தெரியும்.

உயரம் பொய்யில்லை. ஷோஷோனி அருவி 212 அடி. நயாகராவைவிட ஏறத்தாழ 45 அடி கூடுதல். மலைகளில் பனி உருகி வரும் ஏப்ரல், மே மாதங்களிலும் ஜூன் முற்பகுதியிலும் பார்த்தால் அந்தப் பெருமை நியாயம் என்று தோன்றும். பனி நன்றாகப் பெய்த ஆண்டுகளில் வினாடிக்கு 10,000 கன அடிக்கும் மேல் ஓடிவந்து விழும். பார்வைத் தளத்தில் நிற்கிறவர்களின் சட்டை நனைந்துவிடும். பிற்பகல் வெயிலில் வானவில் தெரியும். ஜூலை பிறந்துவிட்டால் அதே ஆறு சில நூறு கன அடியாகச் சுருங்கிவிடுகிறது. பாறை முகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வெள்ளைத் தாரைகள். இணையத்தில் பரவியிருக்கும் படங்கள் எல்லாம் வசந்த காலத்தில் எடுத்தவை. கோடையில் வந்து ஏமாந்தவர்கள் "வறண்டுபோன அருவி" என்று எழுதுவதைப் படித்திருப்பீர்கள். அந்தச் சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தண்ணீர் வற்றவில்லை. அது வேறு பக்கம் போயிருக்கிறது. அது போன வழியைத் தொடர்ந்து பார்த்தால் அந்த நகரம் முழுவதும் உங்களுக்குப் புரிந்துவிடும். நான் இரண்டு நாள் தங்கச் சொல்வது இதற்காகத்தான்.

அருவிக்கு மேலே, ஸ்நேக் ஆற்றின் குறுக்கே, நகரத்துக்குக் கிழக்கில் மில்னர் அணை இருக்கிறது. 1905இல் கட்டி முடித்தார்கள். அதற்கு முன் இந்தச் சமவெளியில் நகரமே கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேஜ்பிரஷ் புதர்தான். ஆறு ஓடியது, ஆனால் சுமார் 500 அடி ஆழமுள்ள பள்ளத்தாக்கின் அடியில் ஓடியது. மேலே நிற்கும் விவசாயி தாகத்தோடு எட்டிப் பார்க்கலாமே தவிர ஒரு குடம் மொள்ள முடியாது. 1884இல் ஐரா பெரைன் என்ற இளைஞர் மாடுகளை ஓட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கினார். வடக்கே சுரங்க முகாம்களுக்குப் பால் விற்றுவந்த அவருக்குக் குளிர்காலத்தில் மாடுகளைக் காப்பாற்ற ஓர் இடம் வேண்டியிருந்தது. பள்ளத்தாக்கின் அடியில் நீல ஏரிகளின் ஓரம் பழத்தோட்டம் போட்டார். பிறகு, ஆறு இன்னும் பள்ளத்தாக்குக்குள் இறங்காமல் சமவெளி மட்டத்தில் ஓடும் இடத்திலேயே அதை மறித்துக் கால்வாயில் திருப்பிவிட்டால் மேட்டு நிலம் முழுவதும் பாயும் என்று கண்டு, அதற்குப் பணம் போடக்கூடிய ஆட்களைத் தேடி அலைந்தார். மாநில அரசின் மேற்பார்வையில் தனியார் நிறுவனங்கள் பாசனக் கால்வாய் வெட்டிக் குடியேறிகளுக்கு நீருரிமை விற்க வழிசெய்த 1894ஆம் ஆண்டு கேரி சட்டம் கைகொடுத்தது. 1904இல் நகரத்துக்கு மனை பிரித்தார்கள். மறு ஆண்டு கால்வாயில் தண்ணீர் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் அமெரிக்காவில் தொடங்கிய திட்டங்களில் பல பாதியில் நின்றன. இது நின்று வென்றது. தென்கரைக் கால்வாய் மட்டும் இன்று சுமார் 2 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது.

ஆக, ஜூலையில் ஷோஷோனியில் விழாத தண்ணீர் உருளைக்கிழங்கிலும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கிலும் விதை பீன்ஸிலும் குதிரை மசாலிலும் இருக்கிறது. குதிரை மசாலைத் தின்னும் மாடுகள் இந்த மாவட்டங்களில் லட்சக்கணக்கில் உண்டு. அந்தப் பாலை நம்பித்தான் சோபானி நிறுவனம் 2012இல் இங்கே தன் பெரிய தயிர் ஆலையைத் திறந்தது. அம்மா இரவில் தயிர்சாதம் பிசையக் கடையில் வாங்கும் தயிர் அந்த ஆலையிலிருந்தே வந்திருக்கக்கூடும். அருவிக்கு எதிரே நிற்கும்போது இதை அவரிடம் சொல்லுங்கள். தண்ணீரின் அருமை தெரிந்த தலைமுறை அவர்களுடையது. பாறையைப் பார்த்தும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இழப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. டிமத்தி ஓசல்லிவன் 1868இல் இந்த அருவியைப் படம் பிடித்தார். தாமஸ் மோரான் 1900இல் பெரிய ஓவியமாகத் தீட்டினார். அது இப்போது டல்சா நகரின் கில்க்ரீஸ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். இருவரும் கண்டது மில்னருக்கு முந்தைய ஆறு. அந்த ஆற்றை ஜூலையில் இனி யாரும் காண முடியாது. மின் உற்பத்தி உரிமத்தின் நிபந்தனைப்படி கோடைப் பகல்களில் அருவிக்கென்று கொஞ்சம் தண்ணீர் விடுகிறார்கள். நகரத்துக்குப் பெயர் தந்த இரட்டை அருவி இன்னும் சற்று மேலே இருக்கிறது. 1930களில் மின்நிலையத்துக்காக அணை கட்டியபோது இரட்டையில் ஒன்று நின்றுபோனது; இப்போது விழுவது ஒன்றுதான். இங்கே வாழ்ந்த ஷோஷோனி பழங்குடி மக்களுக்கு இந்த ஆறு மீன் தந்த ஆறு. கடலிலிருந்து ஏறிவந்த சால்மன் மீன்கள் இந்த அருவியைத் தாண்ட முடியாமல் கீழேயே தங்கிவிடும். அவர்கள் கீழ்ப்பகுதியில் பிடிப்பார்கள். பின்னால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் எழுந்த அணைகள் சால்மனை இந்தப் பக்கமே வரவிடாமல் செய்துவிட்டன.

சரி, கோடையில் எங்கே போவது? பெரைன் கூலி அருவிக்குப் போங்கள். ஏறத்தாழ 200 அடி உயரத்திலிருந்து பள்ளத்தாக்குச் சுவரில் விழுகிறது. ஷோஷோனி மெலியும் மாதங்களில்தான் இது பெருக்கும். ஏனென்றால் வயல்களில் பாய்ந்து மிஞ்சிய கால்வாய்த் தண்ணீர் நகரத்தின் ஊடாக ஓடிவந்து இதன் வழியாகத்தான் ஆற்றில் திரும்பச் சேர்கிறது. ஆற்றிலிருந்து எடுத்த தண்ணீரின் ஒரு பகுதி வீடு திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கும் கேன்யன் ஸ்பிரிங்ஸ் சாலையிலிருந்தே முழு அருவியும் தெரியும். பெரியவர்களுக்கு அது போதும். நீங்களும் மகளும் அருவியின் பின்புறமாகப் போகும் ஒற்றையடிப் பாதையில் நடக்கலாம். பாறை வழுக்கும், செருப்போடு போக வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

அதே சாலையின் முடிவில் ஆற்றங்கரையில் சென்டென்னியல் பூங்கா. அங்கே கயாக் வாடகைக்குக் கிடைக்கும். ஆறு அமைதியாக இருக்கும் கோடையில் பாலத்தின் அடியாகத் துடுப்புப் போட்டு மேல்நோக்கிப் போனால் பில்லர் ஃபால்ஸ் வரும். பாறைத் தூண்களுக்கிடையே ஆறு பிரிந்து இறங்கும் இடம். வசந்த கால வெள்ளத்தில் இது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். கோடையில் வருகிறவர்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் இது. வெயில் ஏறுமுன் காலையில் போங்கள். பிற்பகலில் காற்று எழுந்தால் துடுப்பு போடுவது பெரும்பாடு. அப்பா அம்மா கரையில் மர நிழலில் இருக்கட்டும். பூங்காவில் கழிப்பறை, மேசை எல்லாம் உண்டு. மகளுக்கு நீச்சல் வேண்டுமானால் ஷோஷோனி அருவிக்குப் பக்கத்திலேயே டயர்க்கீஸ் ஏரி இருக்கிறது. பருவ காலத்தில் அந்தப் பூங்காவுக்குள் நுழையக் காருக்குச் சில டாலர் கட்டணம் வாங்குவார்கள்.

இனி பாலம். உங்கள் நண்பர் சொன்ன அரை மணி நேரத்தை நான் ஒரு மாலை முழுவதுமாக நீட்டுவேன். ஐ-84 நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து நகரத்தை நோக்கித் தெற்கே வரும்போது இரண்டு பக்கமும் தட்டையான நிலம்தான் தெரியும். பள்ளத்தாக்கு இருப்பதற்கு எந்த அறிகுறியும் இராது. திடீரென்று தரை முடிந்து, 486 அடி கீழே ஆறு ஓடும். பெரைன் பாலத்தின் நீளம் சுமார் 1,500 அடி, 1976இல் கட்டியது. அதற்கு முன் 1927இல் கட்டிய பாலம் ஒன்று இருந்தது. இரண்டு ஓரத்திலும் நடைபாதை உண்டு. லாரிகள் போகும்போது பாலம் அதிரும். காற்றும் பலமாக அடிக்கும். உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்கள் பாலத்தில் ஏறவேண்டியதில்லை. தென்கரையில் சுற்றுலாத் தகவல் மையமும் பார்வைத் தளமும் இருக்கின்றன; அங்கேயே உட்காரலாம். இன்னொன்றை முன்கூட்டியே அப்பா அம்மாவிடம் சொல்லிவையுங்கள்: பாலத்திலிருந்து பாராசூட்டோடு மனிதர்கள் குதிப்பார்கள். ஆண்டு முழுவதும் தனி அனுமதி வாங்காமலே இங்கே குதிக்கலாம் என்பதால் உலகெங்குமிருந்து வருகிறார்கள். சொல்லாமல் அழைத்துப் போனால் பெரியவர்கள் பதறிப்போவார்கள்.

பாலத்தருகே தொடங்கிப் பள்ளத்தாக்கின் விளிம்போடு போகும் நடைபாதை சமதளமானது, தார் போட்டது. கிழக்கே நடந்தால் தொலைவில் ஒரு மண்மேடு தெரியும். 1974 செப்டம்பர் 8 அன்று மோட்டார் சைக்கிள் சாகசக்காரர் ஈவல் நிவல் நீராவி ராக்கெட்டில் ஏறிப் பள்ளத்தாக்கைத் தாண்ட முயன்றது அங்கிருந்துதான். பாராசூட் முன்கூட்டியே விரிந்துவிட்டதால் ராக்கெட் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது, அவர் பிழைத்துக்கொண்டார். 2016இல் எட்டி பிரான் என்ற சாகசக் கலைஞர் அதே வடிவ ராக்கெட்டில் தாண்டிக் காட்டினார். அதைக் கட்டியவர் முதல் ராக்கெட்டை வடிவமைத்த ராபர்ட் ட்ருவாக்ஸின் மகன். தந்தையின் வடிவமைப்பு சரியானதே என்று நிரூபிக்க நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மகன் உழைத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். உங்கள் மகளுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

பள்ளத்தாக்கு வந்த விதத்தை அவளுக்குச் சொல்ல உங்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் புறப்படுவதே சால்ட் லேக் சிட்டியிலிருந்து. அங்குள்ள பெரிய உப்பு ஏரி, பானவில் என்று புவியியலாளர்கள் அழைக்கும் மாபெரும் நன்னீர் ஏரியின் மிச்சம். சுமார் 15,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஏரி வடக்கே ரெட் ராக் கணவாயில் கரையை உடைத்துக்கொண்டு வெளியேறியது. ஏரியின் மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் இறங்கும்வரை வெள்ளம் இந்தச் சமவெளியில் பாய்ந்து, எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையைப் பெயர்த்துப் பள்ளத்தாக்கை அகலவும் ஆழவும் குடைந்தது. பெரைன் தோட்டம் போட்ட நீல ஏரிகளின் குடைவும், டயர்க்கீஸ் ஏரி இருக்கும் குடைவும் அந்த வெள்ளம் விளிம்பிலிருந்து கொட்டித் தோண்டியவையே. வெள்ளம் உருட்டி மழுங்கடித்த கற்பாறைகள் கீழ்ப்பகுதியில் வயலோரமெல்லாம் கிடக்கின்றன. புவியியலாளர்களே அவற்றுக்கு முலாம்பழச் சரளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நீங்கள் காரில் வரும் வழியின் கடைசிப் பகுதி, ஏறக்குறைய அந்த வெள்ளம் வந்த வழி.

பழைய நகர்ப்பகுதிக்கு ஒரு மாலை போதும், ஆனால் அந்த மாலையை அவசரப்படாமல் கொடுங்கள். மெயின் அவென்யூவும் ஷோஷோனி தெருவும் சந்திக்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு நடங்கள். அங்கே தெருக்கள் வடக்கு தெற்காகப் போகாமல் கோணலாகப் போவதை மொபைல் வரைபடத்தில் கவனிப்பீர்கள். வீட்டின் எல்லா அறைகளிலும் ஒரு வேளையாவது வெயில் படட்டும் என்று அப்படி வகுத்ததாகச் சொல்கிறார்கள். பின்னால் வளர்ந்த பகுதிகள் நேர்கோட்டில் அமைந்ததால் பழைய நகரம் வைர வடிவில் தனித்துத் தெரிகிறது. செங்கல் கடைகள், ஆர்ஃபியம் தியேட்டர், 1911இல் கட்டிய மாவட்ட நீதிமன்றம், அதன் எதிரே தேவாலயங்கள் சூழ்ந்த நகரப் பூங்கா. எதுவும் பிரமாண்டம் இல்லை. ஆனால் இவற்றைக் கட்டியவர்களில் பலர் சில ஆண்டுகளுக்கு முன்புதான் புதர்க்காட்டில் கூடாரம் போட்டு வாழ்ந்தவர்கள். அறுவடைப் பணம் கையில் வந்ததும் முதல் வேலையாகத் தூண் வைத்த நீதிமன்றம் எழுப்பியிருக்கிறார்கள். இந்த ஊர் நிலைக்கும் என்று அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! சில ஆண்டுகளுக்கு முன் மெயின் அவென்யூவைப் புதுப்பித்தபோது, பழைய மரச்சாமான் கடை ஒன்றை இடிக்காமல் நகர நிர்வாக அலுவலகமாக மாற்றிக்கொண்டார்கள். அருகே சிறு சதுக்கமும் பிள்ளைகள் நனைந்து விளையாட நீரூற்றும் இருக்கின்றன. மகளுக்கு மாற்றுடை எடுத்துப்போங்கள். ஜூலையில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும். பகலில் 35 பாகை வரை சுட்டாலும் கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேல் என்பதால் மாலை இதமாகிவிடும்.

நண்பகல் வெயிலுக்கு ஒதுங்க, தெற்கு ஐடஹோ கல்லூரியின் ஹெரட் மையம் நல்ல இடம். அருங்காட்சியகமும் கோளரங்கமும் அங்கே உண்டு. திறந்திருக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதானால், சைவக்காரர்கள் அடுப்பு உள்ள அறையாகப் பார்த்து எடுத்து, அரிசியும் ரசப்பொடியும் கையோடு கொண்டுபோவதே நிம்மதி.

இரண்டாம் நாள் காலையில் மினிடோகாவுக்குப் போங்கள். நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டர். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு அதிபர் ரூஸ்வெல்ட் இட்ட ஆணையின்படி, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை வீடு வாசலை விட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1942 முதல் 1945 வரை சியாட்டில், போர்ட்லண்ட், அலாஸ்கா பகுதிகளைச் சேர்ந்த 13,000 பேருக்கும் மேல் மினிடோகாவில் வைக்கப்பட்டார்கள். காவல் கோபுரம் ஒன்றை மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஒரு குடியிருப்புக் கொட்டகையும் உணவுக்கூடமும் இருக்கின்றன. முகாமிலிருந்து அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர்களின் பெயர்ப் பலகையும் இருக்கிறது. பெற்றோர் முள்வேலிக்குள், பிள்ளைகள் அதே நாட்டின் ராணுவச் சீருடையில். அந்தப் பலகையின் முன் நின்றால் பேச்சு வராது.

இதை நான் தண்ணீர்க் கதையிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. முகாமின் ஓரத்திலேயே ஓடுவது வடகரைக் கால்வாய். மில்னரிலிருந்து வரும் அதே தண்ணீர். போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறையால் சர்க்கரை பீட் வயல்களில் அறுவடை நின்றுவிடாமல் காத்தவர்களில் முகாமில் இருந்தவர்களும் உண்டு. போர் முடிந்ததும் அந்த நிலத்தைத் துண்டு போட்டுப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குக் குலுக்கலில் கொடுத்தார்கள். கொட்டகைகளும் அவர்களுக்குப் போயின. அங்கே உழைத்த ஜப்பானியக் குடும்பங்களுக்கு அந்த மண்ணில் பங்கு கிடைக்கவில்லை. நடைபாதை சமதளம்தான், ஆனால் நிழல் இல்லை. குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று தயங்க வேண்டாம். அவள் வயதுப் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போனார்கள்.

பாய்சிக்குக் கிளம்பும்போது நேரே ஐ-84இல் ஏறாமல், பூல் வழியாக ஹேகர்மனுக்குப் போகும் 30ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். ஒரு மணி நேரம் கூடும். எதிர்க்கரைப் பாறைச் சுவரின் நடுவிலிருந்து ஊற்றுகள் பீறிட்டு விழுவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஆயிரம் ஊற்றுகள் என்று பெயர். வடகிழக்கே பாலைவனத்தில் பூமிக்குள் மறையும் லாஸ்ட் ரிவர் போன்ற ஆறுகளின் தண்ணீர் எரிமலைப் பாறை இடுக்குகளின் வழியே நெடுங்காலம் பயணம் செய்து இங்கே வெளியே வருகிறது. கால்வாய்ப் பாசனம் வந்த பிறகு வயலில் ஊறிய தண்ணீரும் சேர்ந்து இந்த ஊற்றுகள் பல பத்தாண்டுகள் பெருகின. 1950களுக்குப் பிறகு தெளிப்புப் பாசனமும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகியதால் குறையத் தொடங்கின. ஆண்டு முழுவதும் ஒரே குளிர்ச்சியோடு சுரக்கும் இந்தத் தண்ணீரில்தான் அமெரிக்காவில் உணவுக்காக வளர்க்கும் ட்ரௌட் மீனில் பெரும்பகுதி வளர்கிறது. மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் அங்கே மதிய உணவு வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தை மே மாதத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ஷோஷோனியில் அன்றன்று எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பதை இணையத்தில் பார்த்துவிட்டுத் தேதி குறிக்கலாம். ஜூலையைத் தவிர வழியில்லை, அதிலும் ஒரே நாள்தான் மிஞ்சுகிறது என்றால், ஷோஷோனியை விட்டுவிடுங்கள். காலையில் மினிடோகா, பிற்பகலில் கூலி அருவி, மாலையில் பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.